குளிரை வெயில் என்று எழுதினேன்

எங்கள் அலுவலகத்துக்கு வந்த அரசாணைகளில் குளிர் என்ற சொல்லை நான் பார்த்ததே இல்லை. மழை உண்டு, ஒழுகும் கூரைக்கு நிதி வரும். வெயில் உண்டு, மின்விசிறிக்கும் வெள்ளைப் பெயிண்டுக்கும் நிதி வரும். வெள்ளம், பாம்பு, சுற்றுச்சுவர் இல்லாமை, கழிவறைக்குக் கதவு இல்லாமை, எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு தலைப்பில் பணம் வந்திருக்கிறது. தலைப்பு என்பது அந்தப் பணத்தின் பெயர். எந்தப் பெயரில் வந்ததோ அந்த வேலைக்குத்தான் செலவழிக்க வேண்டும். வேறு வேலைக்குச் செலவழித்தால் தணிக்கையில் பிடிப்பார்கள். செலவழிக்காமலே விட்டால் மார்ச் முடிவில் பணம் திரும்பிப் போகும். ஏன் போனது என்று அதற்கும் விளக்கம் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்து போவதற்குப் பெயர்தான் அலுவலகப் பணி. முப்பத்து மூன்று ஆண்டுகள் நான் விழாமல் நடந்தேன்.

தொடக்கப் பள்ளிகளின் கட்டடப் பிரிவு கடைசி எட்டு ஆண்டுகள் என் மேசையில் இருந்தது. சின்னசேலம் பக்கத்துச் சமவெளிப் பள்ளியும் கல்வராயன் மலைப் பள்ளியும் ஒரே அலமாரியில், ஒரே நிறக் கோப்புக் கட்டுக்குள் இருக்கும். வெயிலுக்கு நிதி வந்ததில் வியப்பில்லை. ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஷீட் கூரை போட்ட வகுப்பறைக்குள் நுழையும் எந்த அதிகாரியும் ஐந்து நிமிடத்தில் கைக்குட்டையை எடுத்துவிடுவார். அதிகாரிக்கு வியர்த்தால் நிதி வரும். குளிரை எந்த அதிகாரியும் பார்த்ததில்லை. மலைக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பி, கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு, வெள்ளிமலைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். அப்போது பனி விலகி இளவெயில் அடிக்கும். என்ன அருமையான கிளைமேட் என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்குக் கீழே இறங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறேன்.

ஓய்வு பெற ஒன்றரை ஆண்டு இருந்தபோது, ஒரு மார்கழி மாதம், மலைப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை என்னைப் பார்க்க வந்தார். வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே போகவேண்டிய ஊர். ஈராசிரியர் பள்ளி. அவர் சங்கராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தவர். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, ஞாயிறு காலை கோயில் பூசைக்குப் போய்விட்டு, அன்று மாலையே மறுபடியும் மலை ஏறிவிடுவார். வாரம் முழுக்க மேலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்த ஆசிரியர்கள் எங்கள் ஒன்றியத்தில் மிகச் சிலர்தான். மற்றவர்கள் பேருந்து வந்தால் பள்ளி, பேருந்து போனால் விடுமுறை என்று நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் கொண்டு வந்த மனு இரண்டு பக்கம், கையெழுத்து அச்சுப்போல் இருந்தது. ஷீட் கூரைக்கும் சுவரின் மேல்விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சன்னல்களுக்குக் கதவு இல்லை. காலையில் பனி அறைக்குள்ளேயே நிற்கிறது. பிள்ளைகள் வெறும் சிமெண்டுத் தரையில் உட்காருகிறார்கள். இடைவெளியை அடைக்க வேண்டும், சன்னலுக்குக் கதவு வேண்டும், கூரைக்குக் கீழே தடுப்புக் கூரை போட்டால் நல்லது, தரைக்குக் கனமான விரிப்பு வேண்டும். கடைசிப் பத்தியில் ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை. மூச்சு இழுப்பு உண்டு. மார்கழி, தை இரண்டு மாதமும் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. வந்த நாளிலும் பத்து மணிவரை வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்கு அலைகிறது. நல்ல படிப்பு. இந்தக் குழந்தையாவது குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கு வர வழி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மனுவில் தனி ஒரு குழந்தையைப் பற்றி எழுதக் கூடாது என்பதுதான் நான் அவருக்கு முதலில் சொன்ன யோசனை. அது கோரிக்கையின் தன்மையைக் குறைத்துவிடும். இரண்டாவது, இதற்குத் தலைப்பு இல்லை. பொறுமையாகவே விளக்கினேன். விளக்குவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை.

"அப்ப குளிருன்னு எழுதக் கூடாதுங்களா சார்?" என்று கேட்டார்.

"எழுதலாம் டீச்சர். எழுதினா இந்த மேசையிலயே கெடக்கும்."

அவர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார். அதன் அம்மா காலையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து விடுவாள். ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்குகிறாயே என்று ஊரில் கேலி செய்வார்கள். நடந்தால் இவளுக்கு மூச்சு வாங்கும், எனக்கு வாங்காது என்று அவள் பதில் சொல்வாள். வீட்டில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தால் இழுப்பு இல்லை. வகுப்பறையில் உட்கார்ந்தால் வந்துவிடுகிறது. "அந்த ரூம மட்டும் கொஞ்சம் கதகதப்பாக்கிக் குடுத்துட்டா போதும் சார். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. அன்று நான் அதை மிகச் சிறந்த யோசனை என்று நினைத்தேன். கோடை வெப்பத்திலிருந்து பள்ளிக் குழந்தைகளைக் காக்க அந்த ஆண்டு ஒரு நிதி வந்திருந்தது. அதில் அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் தடுப்புக் கூரை இருந்தது. தடுப்புக் கூரை வெயில் காலத்தில் சூட்டைத் தடுக்கும் என்றால் பனிக்காலத்தில் குளிரையும் தடுக்கும். அதற்கு எந்த மாதம் என்று தெரியாது. கூரையைப் போடும்போதே சுவருக்கு மேலுள்ள இடைவெளியும் அடைபட்டுப் போகும். ஆகவே குளிருக்கு வேண்டியதை வெயில் பெயரில் வாங்கிவிடலாம்.

"ஏப்ரல் மாசம் உங்க ஸ்கூல்ல வெயில் அடிக்குதா இல்லியா?"

"அடிக்குது சார். ஆனா அதுல புள்ளைங்க ஒண்ணும் கஷ்டப்படலயே."

"கஷ்டப்படறாங்கன்னு எழுதுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவர் தயங்கினார். பொய்யாகாதா என்று கேட்டார். வெயில் அடிப்பது உண்மை, கூரை ஷீட் என்பது உண்மை, இரண்டு உண்மையைச் சேர்த்து எழுதினால் எங்கே பொய் வருகிறது என்று நான் கேட்டேன். புதிய மனுவை நானே வாசகம் சொல்ல, அவர் எழுதினார். 'கடும் கோடை வெப்பத்தால் மாணவர்கள் பெரிதும் அவதியுறுகின்றனர்' என்ற வரியை எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலை மலையிலிருந்து இறங்கி வந்தவர் இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நானும் சிரித்தேன். குழந்தையைப் பற்றிய பத்தி புதிய மனுவில் இல்லை. வெயிலுக்கும் மூச்சு இழுப்புக்கும் தொடர்பு காட்ட முடியாது என்று நான்தான் விடச் சொன்னேன்.

மனு மேலே போனது. பள்ளிகளின் பட்டியலில் அந்தப் பள்ளி சேர்ந்தது. மார்ச் மாதம் மதிப்பீடுகள் வந்தன.

மதிப்பீடு எப்படித் தயாராகும் என்பதைச் சொல்ல வேண்டும். முறைப்படி ஓவர்சியர் ஒவ்வொரு பள்ளிக்கும் போய், டேப் பிடித்து அளந்து, அந்த இடத்துக்குத் தக்கபடி எழுத வேண்டும். நடைமுறையில் ஒரு பள்ளிக்கு எழுதிய மதிப்பீட்டை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்ற பள்ளிகளுக்குப் பெயரை மட்டும் மாற்றுவார்கள். நாற்பது பள்ளிக்கு ஒரு ஓவர்சியர், பதினைந்து நாள் அவகாசம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஆண்டின் மாதிரி, ரிஷிவந்தியம் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் ஒரு பள்ளிக்காக எழுதப்பட்டது. மரம் மட்டை இல்லாத இடம். அந்தப் பள்ளிக்கு அது நல்ல மதிப்பீடுதான். தடுப்புக் கூரை போட்டால் உச்சவரம்பைத் தாண்டுகிறது என்று அதை எடுத்துவிட்டு, கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயிண்ட், இரண்டு மின்விசிறி, காற்று வருவதற்காக வடக்குச் சுவரை இடித்து ஆளுயரத்துக்குச் சிமெண்டு ஜாலி என்று மாற்றியிருந்தார்கள். துளைத்துளையாக இருக்கும் அந்தக் கல்லை வைத்துக் கட்டினால் சுவர் முழுக்க சன்னல்தான்.

அதே மூன்று வேலைகளும் மலைப்பள்ளிக்கும் எழுதப்பட்டிருந்தன.

நான் அதைப் படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். படித்தேன். ஜாலி என்ற சொல்லில் என் பேனா நின்றதும் நினைவிருக்கிறது. மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. திருப்பி அனுப்பினால் திருத்தி வருவதற்குள் நிதி போய்விடும். முதலில் நிதி வரட்டும், வேலை நடக்கும்போது ஒப்பந்தக்காரரிடம் சொல்லி ஜாலியை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அப்படி எத்தனையோ வேலைகளை மாற்றியிருக்கிறேன். சுருக்கொப்பமிட்டு அனுப்பினேன். ஏப்ரலில் தேர்தல் வேலை வந்தது, பிறகு மாறுதல் கலந்தாய்வு வந்தது, ஒப்பந்தக்காரரிடம் நான் சொல்ல மறந்தே போனேன்.

மே விடுமுறையில் வேலை முடிந்துவிட்டது. தலைமையாசிரியை கீழே தன் வீட்டில் இருந்தார். ஜூன் மாதம் பள்ளியைத் திறந்த அன்று என்னைப் போனில் அழைத்தார்.

"சார், செவுத்தையே எடுத்துட்டு ஓட்ட ஓட்டயா வச்சிட்டுப் போயிருக்காங்க."

தடுப்புக் கூரை எங்கே என்று அவர் கேட்கவில்லை. அது இல்லை என்பதை மேலே பார்த்தாலே தெரிந்திருக்கும். நான் சமாளித்தேன். இப்போதைக்கு விடுங்கள், குளிர்காலத்துக்கு முன் ஏதாவது வழி பார்க்கலாம் என்றேன். ஜூன் மாதத்தில் அது அழகான அறையாகத்தான் இருந்தது. வெள்ளைக் கூரை மலைச்சரிவில் பளிச்சென்று தெரிந்தது, ஜாலி வழியாகக் காற்று வந்தது, ஊர்க்காரர்கள் பட்டணத்துப் பள்ளிபோல் ஆகிவிட்டது என்று மகிழ்ந்தார்களாம். பணிமுடிப்புச் சான்றுக்கு வந்த புகைப்படத்தைப் பார்த்து எங்கள் அதிகாரியே பாராட்டினார்.

வழி பார்க்கலாம் என்று சொன்னேனே தவிர, வழி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரே அறைக்கு ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் முறை பராமரிப்பு நிதி கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையைக் காட்டி எத்தனையோ பள்ளிகளின் மனுக்களை நானே திருப்பியிருக்கிறேன். விலக்கு கேட்கலாம். விலக்கு கேட்பதற்கு, செய்த வேலை பொருந்தவில்லை என்று எழுத வேண்டும். பொருந்தவில்லை என்றால், கடும் வெப்பம் என்று முதலில் எழுதிய மனு பொய்யாகும். அந்த மனுவில் இருப்பது என் கையெழுத்து அல்ல.

அடுத்த மார்கழியில் அவர் தானாகவே ஒரு வழி செய்துகொண்டார். உரச் சாக்குகளை வாங்கி, பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, ஜாலி மேல் உள்பக்கமாகத் தொங்கவிட்டார். தரைக்கு இரண்டு மடிப்புச் சாக்கு விரித்தார். அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு. அதைக் காற்று படாத தெற்கு மூலையில் உட்கார வைத்தார். மார்கழி மாதம் நான்கு நாள்தான் வராமல் இருந்தது என்று போனில் சொன்னார். அந்த நான்கு என்ற எண்ணைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். சாக்கில் முடிந்தது, நிதியில் முடியவில்லை.

தை மாதம் நிதிப் பணிகளைப் பார்வையிட மேலிருந்து ஒரு குழு வந்தது. அன்று மலையில் மேகமூட்டம், பதினொரு மணிக்கும் வெயில் வரவில்லை. குழுவினர் ஸ்வெட்டரோடுதான் இறங்கினார்களாம். அரசு நிதியில் அமைத்த காற்றோட்ட வசதியைச் சாக்குகளால் மறைத்திருப்பதைக் கண்டு வருந்தினார்கள். சாக்குகளை அவிழ்க்கச் சொன்னார்கள். மின்விசிறிகள் இயங்குகின்றனவா என்று பார்க்க இரண்டையும் போடச் சொன்னார்கள். பிள்ளைகள் தலையில் கட்டியிருந்த துண்டுகள் படத்தில் நன்றாக இருக்காது என்று அவற்றையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டு, வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படம் அறிக்கையின் இணைப்பாக என் மேசைக்கு வந்தது. மேலே மின்விசிறி இறக்கைகள் சுழன்று தெளிவில்லாமல் இருந்தன. முன்வரிசையில் ஒரு குழந்தை வாயைத் திறந்து வைத்திருந்தது. சிரிக்கிறது என்று நினைத்தேன்.

அறிக்கையின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதாவது தலைமையாசிரியையிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்ப வேண்டும். கட்டடப் பிரிவு என்னுடையது என்பதால் வரைவை நான்தான் எழுதினேன். 'அரசு நிதியில் ஏற்படுத்தப்பட்ட காற்றோட்ட வசதியை மாணவர் நலனுக்கு எதிராகத் தடை செய்தமைக்கு.' எதிராக என்ற சொல்லை எழுதிவிட்டு, வேறு சொல் போடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். படிவத்தில் அந்தச் சொல்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

கடிதம் போவதற்கு முன்னால் அவரை அழைத்து, எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று சொன்னேன். பொங்கல் விழா மேடைக்காகத் தற்காலிகமாகச் சாக்கு கட்டப்பட்டது, உடனே அகற்றப்பட்டது, இனி நிகழாது. மூன்று வரி போதும், கோப்பு முடிந்துவிடும். குளிர் என்று எழுதினால் முதல் மனுவைத் தோண்டுவார்கள் என்பதையும் சொன்னேன்.

"மறுபடியும் கட்டுன சாக்க எடுத்துடறேன் சார்," என்றார். "பாப்பாவோட அம்மாவுக்கு இன்னா சொல்லட்டும்?"

நான் ஏதோ சொன்னேன். பங்குனி வந்தால் சரியாகிவிடும் என்பதுபோல. நீங்கள்தானே சார் அப்படி எழுதச் சொன்னீர்கள் என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. விளக்கம் நான் சொன்ன மூன்று வரியில், அதே அச்சுப்போன்ற கையெழுத்தில் வந்தது. 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை முடித்தேன்.

அந்த ஜூன் மாதம் அவருக்குக் கீழே மாறுதல் கிடைத்தது. அடுத்த மாதம் நான் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில், தன் மேசையில் ஒரு கோப்பைக்கூடத் தேங்க விடாதவர் என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். உண்மைதான். தேங்கவிட்டிருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு அந்தப் பள்ளியை நான் நினைத்ததாகச் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு கார்த்திகையில் சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் தலைமையாசிரியையைத் தற்செயலாகப் பார்த்தேன். உடல்நலம், பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டபின் நானே கேட்டேன். சாக்கை அவிழ்த்த வாரத்திலேயே அந்தக் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கு அனுப்பவில்லை. வெயில் வந்த பிறகும் அனுப்பவில்லை. தான் வீட்டுக்கு நான்கு முறை போய்க் கேட்டும் அந்த அம்மா கும்பிட்டு, வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டாளாம். இதைச் சொல்லும்போது பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து சன்னல் வழியாக, "நீங்க ஒடம்ப பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழியில் நான் மலைக்குப் போனேன். இந்த முறை முதல் பேருந்தில் போனேன். வெள்ளிமலையில் இறங்கும்போது எட்டு மணி இருக்கும். எதிரே நின்ற டீக்கடை தெரியவில்லை, பாய்லரின் சத்தம் மட்டும் கேட்டது. ஷேர் ஜீப் பிடித்து உள்ளே போய்ப் பள்ளியைச் சேரும்போது ஒன்பதரை. வகுப்பறை பூட்டியிருந்தது. பிள்ளைகள் வெளியே, கிழக்கு பார்த்த மேட்டில், வெயில் எந்த இடத்தில் விழும் என்று தெரிந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புதிய தலைமையாசிரியர் இளைஞர், மரியாதையானவர். என்னை யாரென்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டார். பத்தரை வரைக்கும் வெளியேதான் வகுப்பு, மழை பெய்தால் வகுப்பு இல்லை என்றார். நான் சாவி வாங்கி அறைக்குள் போய் நின்றேன். சட்டைக்குள் ஸ்வெட்டர் போட்டிருந்தும் பல் கிட்டியது. பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று நினைத்துப் போனேன். நிற்க முடியவில்லை.

வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். பழைய அதிகாரி கேட்டால் காட்டாமல் இருக்கத் தெரியாத வயது அவருக்கு. அந்தக் குழந்தையின் பெயர் ஐந்தாம் வகுப்பில் இருந்தது. யாரையும் தோல்வியடையச் செய்யக் கூடாது என்பதால், பள்ளிக்கு வராமலே நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஏறியிருந்தாள். எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கு ஆபத்து, அதனால் பெயரை எடுக்கவில்லை என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நான் பதவியில் இருந்திருந்தால் நானே அந்த யோசனையைச் சொல்லியிருப்பேன்.

வீடு பள்ளிக்குப் பின்னால் ஒரு சரிவு இறங்கினால் வந்தது. அம்மா வாசலில் தினை புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சிறு குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, விறகைக் காலால் அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். பத்து வயதுக்கு நல்ல உயரம். மூச்சு சீராகத்தான் இருந்தது. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

பள்ளிக்கூட ஆபீசிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னேன். ஓய்வு பெற்றதைச் சொல்லவில்லை. அந்த அம்மா எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உட்காரப் பலகை போட்டாள். குழந்தைக்கு இழுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப ரொம்ப கம்மி ஆயிடுச்சி சார். வளர வளர போயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதே மாதிரி போயிடுச்சி."

அப்படியானால் பள்ளிக்கு அனுப்பலாமே என்றேன். ஆண்டின் எந்த நாளிலும் சேர்க்கலாம், வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்துத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்கெல்லாம் விதி இருக்கிறது என்று விளக்கினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பொங்கல் கழித்துக் குடும்பத்தோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போவதாகச் சொன்னாள். இவள் வந்தால்தான் சின்னதைப் பார்த்துக்கொள்ள ஆள். இவளை மட்டும் விடுதியில் விடலாம், அதற்கும் வழி இருக்கிறது என்றேன். பையில் எப்போதும் வெள்ளைத்தாள் வைத்திருக்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். இந்த முறை உண்மையைத்தான் எழுதினேன், குளிர் என்ற சொல்லைச் சேர்த்து.

அம்மா அதை வாங்கி, படித்துக் காட்டச் சொல்லி மகளிடம் கொடுத்தாள். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தாளைப் பார்த்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். உதடு அசைந்தது. பிறகு தாளை என்னிடமே நீட்டினாள். "நீங்களே படிங்க சார்" என்றாள்.

படித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "அந்த ஓட்டைய அடச்சிட்டாங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அடைக்கல."

"எவன் வச்சான்னே தெரியல. வூட்டவிட அந்த ரூமு குளிரு."

"நான்தாம்மா வச்சேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேட்டி, கண்ணாடி, கையில் பேனா. சிரித்துவிட்டாள். கேலியான சிரிப்பு இல்லை. பெரியவர் ஏதோ தமாஷ் சொல்கிறார் என்று மரியாதைக்குச் சிரித்தது.

"நீங்க எங்க சார் வச்சீங்க. நீங்க ஆபீசுலதான இருந்தீங்க."

விண்ணப்பத்தில் அவள் கைநாட்டு வைத்தாள். தலைமையாசிரியரிடம் கொடுத்தால் போதும் என்று சொன்னேன். ரேஷன் கார்டு இருந்த மஞ்சள் பைக்குள் அதை மடித்து வைத்தாள். நானே கையோடு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். மனுதாரர் நேரில் கொடுப்பதுதான் முறை என்று அப்போதும் நினைத்தேன்.

தை கடைசியில் அந்த இளைஞர் என்னைப் போனில் அழைத்தார். அந்தக் குடும்பம் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் லாரியில் போய்விட்டது, பெண்ணும் போய்விட்டாள், வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார். விண்ணப்பம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, அடுத்த வாரம் ஆய்வு வருகிறது, இனியும் அந்தப் பெயரைப் பதிவேட்டில் வைத்திருந்தால் தனக்குச் சிக்கல் வரும், முறைப்படி நீக்குவது எப்படி, உங்களைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியவில்லை சார் என்றார்.

பெற்றோர் முகவரிக்கு முதலில் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும், வீடு பூட்டியிருந்தால் கதவில் ஒட்டி இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட வேண்டும், அதன் பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு. அவர் எழுதிக்கொள்வதற்காக, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.